‘பாத்துக்கலாம்’ என்பது திட்டமல்ல

கடலூரிலும் சிதம்பரத்திலும் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிற குழுக்கள் பெருகிவிட்டன. நல்ல விஷயம்தான். அப்படி ஒரு குழுவோடு நானும் போய்வருகிறேன். சில்வர் பீச்சில் கிளம்பி, சிதம்பரம் கீழவீதியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். இந்தக் குழுவின் இளைஞர்கள் சிலர் வரும் ஜனவரியில் மலைச் சைக்கிளில் ஸ்பிட்டி போகிறார்கள். சிம்லாவில் தொடங்கி கின்னௌர் வழியாகக் காசா வரை, 400 கிலோமீட்டருக்கு மேல், ஆறே நாளில். "பாத்து சொல்லுங்க சார்" என்று நான்கு பக்கத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மூன்று பக்கம் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். உடம்பைப் பற்றி ஒரு வரி உண்டு: ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’.

என் சண்டை இந்தப் பையன்களோடு இல்லை, அந்த வரியோடுதான். இமயமலைப் பயணம் பற்றித் தமிழில் வருகிற காணொளிகளில் பெரும்பாலானவை இந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப விற்கின்றன. வலியைத் தாங்கினால் போதும், மனசு வைத்தால் மலை வழிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. மார்க்கம் இருக்கலாம் ஐயா, மூச்சு இருக்குமா?

காசா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். கடற்கரையில் நமக்குக் கிடைக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே கணக்கில் குறையும். 1962 சீனப் போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து நம் ராணுவ வீரர்களை அவசரமாக உயரத்துக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களிடம் கண்ட உயர நோயைப் பற்றி 1969இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். உலகெங்கும் மலை மருத்துவர்கள் இன்னமும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் தொடங்குவது, முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். அவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். அவர்களுக்கு இல்லாத மனவுறுதியா நம் குழுவுக்கு வந்துவிடப்போகிறது?

உடற்தகுதி இதிலிருந்து யாரையும் காப்பாற்றாது. நல்ல கால் உள்ளவன் வேகமாக ஏறிவிடுவான், ஆபத்தையும் சீக்கிரம் தொட்டுவிடுவான். மலை மருத்துவர்களின் விதி எளியது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ராத்திரி தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்கு. இனி நம் பையன்களின் தாளைப் பார்ப்போம். மூன்றாம் நாள் இரவு ரெக்காங் பியோ, சுமார் 2,300 மீட்டர். நான்காம் நாள் இரவு நாகோ, 3,600க்கு மேல். ஒரே நாளில் 1,300 மீட்டர், அதுவும் சைக்கிளை மிதித்துக்கொண்டு, குளிரில். குளிரும் கடும் உழைப்பும் நுரையீரலில் நீர் கோப்பதைத் தூண்டக்கூடியவை. இதில் காசா போன கையோடு 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் கிப்பரில் ஒரு போட்டோ வேறு!

"கேப்பர் மலையில தினமும் இருபது தடவை ஏறி இறங்குறோம் சார்" என்றான் ஒருவன். கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், கேப்பர் மலை என்பது மத்தியச் சிறை இருக்கிற செம்மண் மேடு. அதை மலை என்று கூப்பிடுவது நம் பெருந்தன்மை. ஏற்காடு, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவு எல்லாம் காலுக்கு நல்ல பயிற்சி, போகட்டும். ரத்தத்துக்கு அங்கே எந்தப் பழக்கமும் கிடைக்காது. தமிழ்நாட்டில் நாம் சைக்கிளில் ஏறக்கூடிய உச்சமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

இன்னொரு சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு விடியலில் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போகிறோமே, அதுவும் பனி. வயலில் மூட்டமாக நிற்பதும் பனி. ஸ்பிட்டியில் முழங்கால் அளவு கிடப்பதும் பனி. ஒரே சொல்லில் பழகிய மனசு, இங்கே சமாளித்ததை அங்கேயும் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறது. அந்தச் சாலையில் சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிற பனிகூட இல்லை. மலை ஓடை சாலையைக் கடக்கும் இடங்களில் பகலில் உருகி இரவில் இறுகிய, கண்ணாடி மாதிரியான பனிக்கட்டிப் படலம்தான். குறுகிய பள்ளத்தாக்கில் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். வெயிலே படாத வளைவில் அந்தப் படலம் நாள் முழுக்க அப்படியே கிடக்கும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. அகலமான முரட்டு டயர் அதில் ஒன்றுக்கும் உதவாது. உலோகக் குமிழ் பதித்த டயர் வேண்டும். மூன்று பக்கப் பட்டியலில் அது இல்லை! விலையுயர்ந்த கண்ணாடி இருக்கிறது, கேமரா இருக்கிறது.

காசாவில் ஜனவரி இரவு மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் அந்தக் குளிரில் மந்தமாகும். பின்சக்கரத்துக்குள் கிரீஸ் இறுகிவிட்டால் பெடல் சும்மா சுற்றும். தண்ணீர் பாட்டிலில் மூடிப் பக்கம்தான் முதலில் உறையும், அதனால் தலைகீழாக வைக்க வேண்டும். ஏறும்போது வேர்த்து, நின்றதும் அந்த வேர்வையே உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்திச் சட்டை அங்கே ஈரத்துணிதான். கடலூர்–சிதம்பரம் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவன் அங்கே பல இடங்களில் ஐந்துக்கு வந்துவிடுவான், இல்லை இறங்கித் தள்ளுவான். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருகிற கணக்கு எல்லாம் அங்கேயே உடைகிறது.

இதையெல்லாம் சொன்னால் வருகிற பதில், "பாத்துக்கலாம் சார்." கடற்கரை மாவட்டத்தில் பிறந்தவன் எப்படி இதைச் சொல்கிறான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தேவனாம்பட்டினத்தில் படகைக் கரையில் இழுத்துக் கட்டுகிறார்கள். எவரும் அவர்களைக் கோழை என்பதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலை தானே புயல் இங்கே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த தலைமுறை இது. கடலுக்குப் போகாமல் இருக்கத் தெரிந்தவன்தான் நம் ஊரில் நல்ல கடலோடி. அந்த அறிவை ரயில் ஏறும்போது ஏன் கழற்றி வைக்கிறோம்?

"அப்போ சாகசமே கூடாதா?" என்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உங்கள் சாகசத்தின் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். மணாலி பக்கத்துக் குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடிவிடும். உள்ளே போகவும் வெளியே வரவும் கின்னௌர் வழி ஒன்றுதான். பாறை விழுந்தால் அதுவும் போச்சு. குழாய்த் தண்ணீர் உறைந்துபோய், வாளியில் சுமந்து குடிக்கிற ஊர்கள் அவை. நீங்கள் விழுந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அலையப் போவதும் அந்த ஊர்க்காரர்கள்தான். உங்கள் மனவுறுதி அவர்கள் முதுகில்தான் ஏறிக்கொண்டு வரும்.

உண்மையில் ஆறு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மலையைப் பார்த்துப் போட்ட கணக்கல்ல, லீவைப் பார்த்துப் போட்டது. பத்து நாள் லீவு, அதில் ரயிலுக்கு நான்கு நாள். திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்தாயிற்று. தலைவலியோடு எழுந்திருக்கிறவன் அன்றைக்கு ஓய்வெடுக்க முடியாமல் போவது அந்த டிக்கெட்டால்தான். காசாதான் வேண்டுமென்றால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்பாவில் இரண்டு ராத்திரி, நாகோவில் இரண்டு அல்லது மூன்று, தலைவலி போகாமல் ஓர் அடி மேலே இல்லை, முற்றினால் உடனே கீழே. யார் ‘திரும்பு’ என்று சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

பத்து நாள்தான் என்றால் சிம்லாவுக்கு மேலே நார்கண்டாவோடு நில்லுங்கள். 2,700 மீட்டர், ஜனவரியில் நல்ல பனி விழும். அங்கிருந்து ஹாட்டு சிகரத்துக்கு ஏறும் குறுகிய சாலையில் பனி கொட்டியபின் வண்டிகள் போகாது. காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முடிந்த மட்டும் ஏறலாம், மத்தியானம் இரண்டு மணிக்குள் எங்கே இருந்தாலும் திரும்பி, ராத்திரி கீழே வந்து தூங்கலாம். குமிழ் டயரை மட்டும் மறக்க வேண்டாம்.