உப்புக்குச் சப்பாணியையும் விளையாட விடுங்க

செட்டிபாளையத்தில நாலு பேர் கூடிப் போனில ஃப்ரீ ஃபயர் விளையாடத் தொடங்கினா, பத்து நிமிசத்துக்குள்ள ஒரு சொல் வந்திரும்: 'நூப்'. ஒண்டும் தெரியாத ஆள் என்று அர்த்தம். புதுசா வந்த தம்பியோ தங்கச்சியோ அதை ரெண்டு தரம் கேட்டால் அடுத்த நாள் அந்தப் பக்கம் வாறதில்லை. எங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியவில்லை.

கேமை உயிராக நினைக்கிறவங்களுக்கும் பொழுதுபோக்காக விளையாடுறவங்களுக்கும் இடையில இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்குது. 2019இல் வந்த 'செகிரோ'வில ஈஸி மோட் இல்லை. வைக்க வேணும் என்று ஒரு பக்கம் கேட்டது. ஏலாட்டி விட்டிட்டுப் போ என்று மற்றப் பக்கம் சொன்னது. தோத்துத் தோத்து வெல்லுறதில ஒரு ருசி இருக்கு, அதை நாங்க மறுக்கவில்லை. ஆனால் 2018இல் வந்த 'செலெஸ்ட்' கேமில வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே விளையாடலாம். வேண்டாதவர் அந்த வசதியைத் தொடவே தேவையில்லை. அவருக்கு இதால என்ன நட்டம்?

ஆளோட ஆள் மோதுற போட்டி வேற. அதில விதி எல்லாருக்கும் ஒன்றாத்தான் இருக்க வேணும். ஆனால் அங்கயும், பப்ஜி மொபைலில புதுசாச் சேர்ந்தவருக்கு எதிராக வாறதில கனபேர் மனுசரே இல்லை, கேமே ஓட்டுற பொம்மைகள். குறி பார்க்க எய்ம் அசிஸ்ட்டும் இருக்கு. இண்டைக்கு நூப் என்று சிரிக்கிறவங்களும் அந்த ஈஸி மோட்டிலதான் பழகி வந்தவங்க.

நம்மட ஊர் விளையாட்டிலயும் சின்னப் பிள்ளையை 'உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்ளுவம். பெயர் நல்லதில்லை, பழக்கம் நல்லது. பிடிபட்டாலும் வெளியேற்றமாட்டம். அந்தப் பிள்ளை அப்பிடி நின்றுதான் விளையாட்டைப் படிக்கும்.

கஷ்டம் எது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையாக 2023இல் 'வெண்பா' வந்தது. கிழிஞ்ச சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி போகும் என்று கண்டுபிடிக்க வேணும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடியிற அந்தக் கேமுக்கு 2024இல் பாஃப்டா விருதும் கிடைச்சது. அதை அம்மாட கையில குடுத்துப் பாருங்க. நூப் யார் என்று தெரியும்.

ஆகவே புதுசா ஒரு ஆள் வந்தால், சிரிக்கிறத்துக்கு முதல் எந்தப் பட்டன் எதுக்கு என்று சொல்லிக் குடுப்பம்.