குழந்தை எழுத்தைப் படிக்காது, பாட்டிலைத்தான் பார்க்கும்

முழுப் பரீட்சை லீவு விட்டா டவுன்ல இருந்து பேரன் பேத்திகள், அக்கா தங்கச்சி பிள்ளைங்கன்னு எங்க ஊருக்கு நிறையப் பேர் வருவாங்க. அனுப்பும்போதே பெத்தவங்க ஒரு பட்டியல் சொல்லித்தான் அனுப்புவாங்க. கிணத்துப் பக்கம் போகாதே, வரப்புல பாம்பு கிடக்கும், மோட்டார் ரூம்ல இருக்கிற மருந்து டப்பாவைத் தொடாதே. நல்ல புத்திமதிதான். ஆனா அதே பிள்ளைங்க லீவு முடிஞ்சு திரும்பிப் போற வீட்ல, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில என்னென்ன இருக்குன்னு எத்தனை பேர் குனிஞ்சு பார்த்திருக்கோம்?

விஷம்னா அது கிராமத்துச் சமாச்சாரம்னு டவுன்ல ஒரு நினைப்பு இருக்கு. வயல் இருக்கிற இடத்திலதான் பூச்சிமருந்து இருக்கும், நம்ம வீட்ல ஏது விஷம்னு நினைக்கிறாங்க. 2024 நவம்பர்ல சென்னையை ஒட்டின குன்றத்தூர்ல நடந்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. எலித் தொல்லைக்காக ஆள் வரவழைச்சு மருந்து வச்ச வீடு. ராத்திரி அந்த வீட்ல தூங்கின ரெண்டு சின்னப் பிள்ளைங்க இறந்து போச்சு. அப்பா அம்மாவையும் ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. அந்தப் பெத்தவங்க எலித் தொல்லை தீரணும்னு நினைச்சாங்க, அவ்வளவுதான்.

பூச்சிமருந்தோட முப்பது வருஷத்துக்கு மேல பழகினவன் நான். விஷத்தைவிட எனக்குப் பயம், விஷம் விஷம் மாதிரி தெரியாமப் போறதுதான்.

மருந்துக் கடையில வாங்குற டப்பாவை எடுத்துப் பாருங்க. சாய்சதுரமா ஒரு கட்டம் இருக்கும். அது மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு முக்கோணமாப் பிரிஞ்சிருக்கும். கீழ் முக்கோணத்தில நிறம். சிவப்புன்னா கடும் விஷம், அதுக்கு மேல மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும். அதுக்கு அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ 1971ல வந்த விதிகள்படி இது இல்லாம விற்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பார்த்ததும் புரிஞ்சுக்கணும்னு நிறத்தில வச்சாங்க. உங்க வீட்டுக் கொசு மருந்து பாட்டிலையும் கரப்பான் ஸ்ப்ரேயையும் திருப்பிப் பாருங்க, அதே கட்டம் அங்கேயும் இருக்கும். பச்சை போட்டிருந்தா குடிக்கலாம்னு அர்த்தம் இல்லை. மத்ததைவிட விஷம் குறைவுன்னுதான் அர்த்தம்.

இந்த ஏற்பாடெல்லாம் டப்பாவோட சரி. மருந்தை வேற பாட்டிலுக்கு ஊத்தின நிமிஷமே அந்தச் சட்டமும் விதியும் குப்பைக்குப் போயிடும்.

எங்க பக்கம் அது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கு அரை லிட்டர் மருந்து முழுசாத் தேவைப்படாது. விலையும் கையைக் கடிக்கும். அதனால ரெண்டு பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்குப் பாதி பிரிச்சுக்குவாங்க. ஒருத்தர் கைக்கு டப்பா போகும். இன்னொருத்தர் குவாட்டர் பாட்டில்லயோ கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ ஊத்திக்கிட்டுப் போவார். மிச்சத்தைக் கொண்டுபோய்க் கூரைச் சந்துல சொருகி வைப்பார். சிக்கனத்தில வர்ற வேலை இது. அதைச் செய்யிறவர் கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை.

டவுன்ல இதே கதை வேற வேஷத்தில நடக்குது. காலையில தெருவுல வண்டியில வந்து பினாயில், ஆசிட், சோப்பு ஆயில்னு கூவி விக்கிறாங்க இல்லையா? அதுல பாதிக்கு மேல பழைய தண்ணி பாட்டில்லயும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயும்தானே வருது? லேபிள் கிடையாது, என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி எழுத்து கிடையாது. விலை கம்மி, வாசல்லயே கிடைக்குதுன்னு வாங்குறோம். பெயின்ட் அடிக்க வந்தவர் மிச்சம் வச்சிட்டுப் போன தின்னரும் தண்ணி பாட்டில்லதான் நிக்குது. வெள்ளையா, தண்ணி மாதிரியேதான் இருக்கும்.

ரெண்டு வயசுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது, மண்டை ஓடு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பாட்டிலோட உருவமும் உள்ளே இருக்கிற நிறமும்தான். இந்த உருவத்துப் பாட்டில்ல நேத்து அம்மா தண்ணி கொடுத்தா, இந்த நிறத்தில மாமா ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். தெரிஞ்ச பாட்டில், அதனால எடுத்துக் குடிக்குது. அதைக் குறும்புன்னு எப்படிச் சொல்றது? நாம பழக்கினபடிதானே அது நடந்துக்குது?

பாட்டில் மட்டும் இல்லை. பூஜை அறையில கற்பூரமும் கல்கண்டும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில இருக்கும். குழந்தைக்கு ரெண்டும் வெள்ளை, ரெண்டும் சாமிக்கு வச்சது. கல்கண்டு இனிக்கும். கற்பூரம் கொஞ்சம் வயித்துக்குள்ள போனாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும். பீரோவுல போடுற பாச்சா உருண்டை மிட்டாய் மாதிரி இருக்கும். எலி கேக் பேருலயே கேக் இருக்கு. எலி பேஸ்ட் பல் விளக்குற பேஸ்ட் மாதிரி டியூப்ல வந்துச்சு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது, ஈரலை அழிச்சிடும். உள்ளே போனவங்க முதல் நாள் ரெண்டு நாள் நல்லாவே நடமாடுவாங்க, அதுக்கப்புறம்தான் வேலையைக் காட்டும். தமிழ்நாடு அரசு அதைத் தடை பண்ணிடுச்சு. ஆனா பழைய டியூப் எந்த வீட்டுப் பரண்ல கிடக்குதோ. கொங்குப் பக்கம் வாசல் தெளிக்கச் சாணிப்பவுடர்னு ஒண்ணு வாங்குவாங்க. பேருல மட்டும்தான் சாணி, உள்ளே இருக்கிறது சாயம், அதுவும் விஷம்.

பாத்திரம் மாறினா எவ்வளவு தூரம் போகும்னு 2013 ஜூலையில நாடே பார்த்தது. பீகார்ல சாரண் மாவட்டத்தில ஒரு பள்ளிக்கூடத்தில மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைங்கள்ல 23 பேர் இறந்தாங்க. சமைச்ச எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து இருந்ததா சோதனையில தெரிஞ்சது. முன்னாடி பூச்சிமருந்து இருந்த டப்பாவில எண்ணெய் வச்சதா சொன்னாங்க. குடிக்கிற பாட்டில்ல விஷம் வைக்கிறதும் விஷ டப்பாவில எண்ணெய் வைக்கிறதும் ஒரே தப்போட ரெண்டு பக்கம்தான். மருந்து தீர்ந்த டப்பாவை மூணு தடவை அலசி, ஓட்டை போட்டுத்தான் தூக்கிப் போடணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

இப்படி ஏதாவது நடந்துட்டா ஊரே கூடி ஒரு கேள்வி கேட்கும்: "பெத்தவ என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தா?" எனக்கு இந்தக் கேள்வி மேலதான் கோபம். பெத்தவ சோறு வடிச்சுக்கிட்டு இருந்திருப்பா, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்திருப்பா. இருபத்துநாலு மணி நேரமும் கண் கொட்டாம ஒரு பிள்ளையைப் பார்க்க எந்த மனுஷியாலும் முடியாது. அதனால கண் அசர்ற அந்த ஒரு நிமிஷத்திலயும் ஆபத்து வராத மாதிரி வீடு இருக்கணும். வயல்ல மாடு மேயும்னு தெரிஞ்சா ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டா இருக்கோம்? வேலி போடுறோம் இல்லையா, அது மாதிரிதான்.

அமெரிக்காவில 1970லயே இதுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. மாத்திரை, வீட்ல புழங்குற விஷப் பொருள் பலதுக்கும், சின்னப் பிள்ளையால சுலபமாத் திறக்க முடியாத மூடி போட்டுத்தான் விக்கணும்னு. அழுத்தித் திருப்பினாத்தான் திறக்கும் அந்த மூடி. தாய்மாருக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருக்காம மூடியை மாத்தினாங்க. நம்ம ஊர்ல பினாயிலும் ஆசிட்டும் தண்ணி பாட்டில்ல விக்கிறதை நிறுத்தணும். சின்ன விவசாயிக்குத் தேவையான அளவுல, லேபிளோட, கட்டுப்படியாகிற விலையில சின்ன டப்பாவில மருந்து கிடைக்கணும். அப்போ எவனும் குவாட்டர் பாட்டிலைத் தேட மாட்டான்.

அதெல்லாம் வர்ற வரைக்கும் நாமே செய்யக் கூடியது கொஞ்சம் இருக்கு. எந்த விஷத்தையும் வாங்கின டப்பாவை விட்டு மாத்தாதீங்க. பிரிச்சுத்தான் ஆகணும்னா குடிக்கிற பாட்டில் வேண்டவே வேண்டாம். தொட்டிக்கு அடியில இருக்கிறதை எல்லாம் உயரத்தில பூட்டு போட்ட அலமாரிக்கு ஏத்துங்க. உயரம் மட்டும் போதாது, நாற்காலி போட்டு ஏறும் பிள்ளைங்க. நானும் மோட்டார் ரூம்ல ஒரு பழைய தகரப் பெட்டிக்குப் பூட்டு போட்டுத்தான் மருந்து வைக்கிறேன், சாவி வீட்ல இருக்கும். காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில் அழகா இருக்குன்னு சேர்த்து வைக்காதீங்க, நசுக்கிப் போடுங்க. எலிக்கு மருந்து வைக்க ஆள் வந்தா என்ன மருந்துன்னு பேர் கேளுங்க. நெல் மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காத்து பட்டாலே விஷ வாயு விடும், அதுக்கு மாத்து மருந்தும் கிடையாது. ஆள் தூங்குற வீட்டுக்குள்ள அது வரவே கூடாது.

மீறி ஏதாவது நடந்துட்டா, கை வைத்தியம் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணி, புளித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறது எங்க பக்கம் பழைய வழக்கம். ஆசிட் குடிச்ச பிள்ளை வாந்தி எடுத்தா, இறங்கும்போது வெந்த தொண்டை ஏறும்போதும் வேகும். பிழைச்ச பிறகும் உணவுக்குழாய் சுருங்கி, சோறு இறங்காமக் கஷ்டப்படுற பிள்ளைங்க உண்டு. மண்ணெண்ணெய், தின்னர் மாதிரியானது வாந்தியில நுரையீரலுக்குள்ள போயிட்டா மூச்சுத் திணறும். உடனே 108க்குப் போன் போடுங்க, இல்லைன்னா கிடைக்கிற வண்டியில ஏத்துங்க. பிள்ளை நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் போங்க. முக்கியமா அந்தப் பாட்டிலைக் கையோட கொண்டு போங்க. டாக்டர் முதல்ல கேட்கிறது, என்ன உள்ளே போச்சுன்னுதான். லேபிள் இருந்தா அந்த இடத்திலேயே பதில் கிடைக்கும். தண்ணி பாட்டில்ல வாங்கின பினாயிலுக்கு அந்தப் பதில் யார்கிட்டயும் இருக்காது.

இதைப் படிச்சு முடிச்சதும் போய் அந்தத் தொட்டிக்கு அடியில பாருங்க. லேபிள் இல்லாத பாட்டில் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. உங்க அம்மா அப்பா ஊர்ல இருந்தா, ராத்திரி போன்ல பேசும்போது கூரைச் சந்துல என்ன சொருகி வச்சிருக்காங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.