சீமைக் கருவேலத்துக்குத் தீ வைத்தால் போதுமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கண்மாய்களிலும் மேய்ச்சல் புறம்போக்குகளிலும் சீமைக் கருவேலத்தை வெட்டிப் பார்த்தார்கள், கரிமூட்டம் போட்டார்கள், ஜேசிபி வைத்தும் பிடுங்கினார்கள். வெட்டின தூரோ அடுத்த மழைக்கே கொத்துக்கொத்தாகத் துளிர்க்கிறது. பேசாமல் கொளுத்திவிட்டால் என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் கால்நடைப் பண்ணைகளில் இதைச் செய்கிறார்கள். அங்குள்ள மெஸ்கீட், நம் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி. காற்றும் ஈரப்பதமும் பார்த்து, சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஆள் நிறுத்திப் புல்வெளியைக் கொளுத்துகிறார்கள். இளங்கன்று செத்துப்போகும். வேர் பிடித்த மரமோ மேலே மட்டும் கருகும். மண்ணுக்குள் தூர்ப்பகுதியில் இருக்கும் மொட்டுகள் சூடுபடாமல் தப்பி மறுபடி கிளம்பும். முற்றிய மரத்தைத் தூரோடு பிடுங்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் புதுக்கன்று தலைதூக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் தீ.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைக் காட்டிலும் இதே பாடம்தான். அங்குள்ள பழங்குடிகளான சோலிகர்கள் முன்பனி முடிந்ததும் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பார்கள். 1974இல் சரணாலயம் வந்தபின் அது நின்றது. அதனால்தான் அயல் தாவரமான உண்ணிச்செடி மண்டியது என்பது அவர்கள் வாதம். இன்று அந்தப் புதரில் தீ வைத்தால் அது சருகோடு நிற்காது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் சிக்கல் வேறு. தீக்கு இரை புல். சீமைக் கருவேலம் அடர்ந்த இடத்தில் அடியில் புல்லே கிடையாது, தீ நகராது. புல் வர வேண்டுமானால் ஒரு மழைக்காலமாவது மேய்ச்சலை நிறுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து மாசியில் காயும் அந்தப் புல்லைத்தான் ஆட்டுக்காரர் நம்பியிருக்கிறார். கொளுத்து என்றால் யார் கேட்பார்? அவருடைய ஆடுகளே சீமைக் கருவேல நெத்தைத் தின்று, கிடை மறிக்கும் இடமெல்லாம் புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டும் போகின்றன.

காற்றையும் மறக்கக் கூடாது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகளே நிற்கின்றன. அப்போது தீக்குச்சி உரசுவது பைத்தியக்காரத்தனம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் கருகி இறந்ததற்குப் பிறகு எந்த அதிகாரியும் தீ வைக்க எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வெளியிட்டது. பிடுங்கிய நிலத்தை அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் பணமும் பொறுமையும் தேவை. ஒரு புறம்போக்கில் தூரோடு பிடுங்கி, புல் விதைத்து, மேய்ச்சலை இழப்பவருக்குத் தீவனம் கொடுத்து, தீயணைப்பு வண்டியை நிறுத்திக்கொண்டு மாசிக் காலையில் கொளுத்திப் பார்க்கலாம். அதுவரை கோடையில் புதருக்குத் தீ வைப்பதால் மிஞ்சுவது புகைதான்.