முன்பாரம் தெரியாமல் மூட்டை ஏற்றாதீர்கள்!

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரிடம் 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. அதற்குப் பழைய இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறார். சென்ற மாதம் மழையில் நனைந்த தொழுவுரத்தை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டது. ஓட்டியவர் அவருடைய மகன். நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இன்ஜின் திணறவே இல்லை. பிறகு ஏன் முன்சக்கரம் தூக்கியது? எவ்வளவுதான் ஏற்றலாம்?' என்பது அவர் கேள்வி.

இன்ஜின் திணறவில்லை என்பதை வைத்துப் பாரம் சரி என்று முடிவு செய்ய முடியாது. இழுக்கும் பலம் வேறு. தாங்கும் பலமும் நிறுத்தும் பலமும் வேறு.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குதான். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தன் சக்கரங்களிலேயே தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கர டிரெய்லரோ பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் கொக்கியில் இறக்குகிறது. கொக்கி, டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே அழுத்தினால் முன்பக்கம் எடை குறைந்து லேசாகும். மேட்டில் ஏறும்போது இழுவையும் சேர்வதால் முன்சக்கரம் தூக்கும். கொக்கியை மேலே உள்ள டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அப்படி ஒருபோதும் மாட்டக் கூடாது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள்

டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு உண்டு. அதில் வெற்று எடை, பாரத்துடன் மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய பாரம். உதாரணமாக, வெற்று எடை 1,500 கிலோ, மொத்த எடை 5,000 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 3,500 கிலோ. 40 கிலோ நெல் மூட்டையாக 87 மூட்டை. பிறகு பட்டறையில் பக்கத் தகடுகளை உயர்த்தியிருந்தால், அந்த இரும்பின் எடையையும் இதில் கழிக்க வேண்டும்.

தொட்டி நிறைவது கணக்கல்ல

ஒரு யூனிட் மணல், அதாவது 100 கன அடி, ஏறத்தாழ 4,500 கிலோ இருக்கும். மேலே சொன்ன டிரெய்லரில் முக்கால் யூனிட் போட்டாலே வரம்பை எட்டிவிடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 3,500 லிட்டருக்கு மேல் தொட்டி வைத்தால், தொட்டியின் எடையைச் சேர்க்காமலே வரம்பு தாண்டிவிடும். காய்ந்த எருவும் நனைந்த எருவும் பார்வைக்கு ஒரே அளவுதான். ஆனால், நனைந்தது உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சுமக்கும். அந்த வாசகரின் மகன் வழக்கமான உயரத்துக்குத்தான் ஏற்றியிருப்பார். எடைதான் கூடியிருக்கும்.

எடை மேடையில் மூன்று முறை

முதலில் டிராக்டரை மட்டும் எடை போட வேண்டும். அடுத்து, பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க, டிராக்டரின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை போட வேண்டும். முதலில் 2,000 கிலோ, இப்போது 2,600 கிலோ என்றால், கொக்கியில் இறங்கும் பாரம் 600 கிலோ. கொக்கி எவ்வளவு தாங்கும் என்பது டிராக்டரின் கையேட்டில் இருக்கும்.

மூன்றாவதாக, டிரெய்லர் மாட்டியபடியே முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்த வேண்டும். டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். 2,000 கிலோ டிராக்டருக்கு 400 கிலோ. அதற்குக் குறைந்தால் ஸ்டீயரிங் பேச்சு கேட்காது. பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது டிரெய்லர் சக்கரத்தை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளி அடுக்க வேண்டும். கையேடு அனுமதிக்கும் அளவுக்கு முன்பக்க எடைக்கட்டிகளும் மாட்டலாம். ஆனால், பாரத்தை ஒரேயடியாகப் பின்னால் தள்ளினால் பின்பாரமாகி, டிரெய்லர் அலையும்.

இறக்கத்தில்தான் பரீட்சை

டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் 2 டன் டிராக்டரின் பிரேக்தான் மொத்தம் 7 டன்னையும் நிறுத்த வேண்டும். சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகப்படி பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும். இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

வாசகர் செய்ய வேண்டியது ஒரே ஒரு நாள் வேலை. எருவுக்கு ஒரு முறை, மணலுக்கு ஒரு முறை எடை போட்டு, வரம்பு எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே டிரெய்லரின் உட்பக்கத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட வேண்டும். ஈரமான எருவுக்குக் கோட்டை இன்னும் கீழே போட வேண்டும். அடுத்த முறை மகன் ஏற்றும்போது கணக்குப் போட வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்தால் போதும். பாரத்தின் மேலும் மட்கார்டிலும் யாரையும் உட்கார வைக்காமல் கிளம்பினால், ஏரிக்கரை மேட்டிலும் பயமில்லை.