ஒருமனமா, உறங்குமனமா?

கையெண்ணி முடிவு செய்தல் கீழ்மை என்றும், எல்லாரும் ஒருமனப்படும்வரை பேசியிருத்தலே மேன்மை என்றும் முழங்குவோர் உளர். அன்னோர், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் வரலாற்றைக் கற்பாராக!

அவர்தம் கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. கூட்டத்தின் உள்ளக்கிடக்கையை எழுத்தர் உணர்ந்து எழுதுவார். கூடியிருப்போர் ஒப்பிய பின்னரே அது முடிவாகும். முறை நன்றே! விளைந்தது யாது?

1688-இல் பென்சில்வேனியாவின் செருமன்டவுனில் நால்வர், மாந்தனை மாந்தன் விற்றல் தகாதென எழுதி நீட்டினர். திங்கட்கூட்டம் அதனைக் காலாண்டுக் கூட்டத்திற்குத் தள்ளிற்று. அஃது ஆண்டுக் கூட்டத்திற்குத் தள்ளிற்று. ஆண்டுக் கூட்டமோ முடிவு கூறாமல் ஒதுக்கிற்று. 1758-இல்தான் பிலதெல்பியா ஆண்டுக் கூட்டம், சான் உல்மன் உள்ளிட்ட சிலரிடம், அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்களை நேரிற் கண்டு அறிவுறுத்தும் பணியை ஒப்படைத்தது. 1776-இல் உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருத்தலாகாதென விலக்கிற்று. இடையிற் கழிந்தவை 88 ஆண்டுகள்!

கூடியிருந்தோர் பொறுமை காத்தனர். அப்பொறுமைக்கு விலை கொடுத்தோர் விலங்கு பூண்டோர். அவர்க்கு அங்கு இருக்கை இல்லை. உடையவர்தம் உடன்பாடே ஒருமனம் எனப் பெயர் பூண்டது!

ஒருமனம் வேண்டுவீர்! துன்புறுவோனை முதற்கண் அவையில் அமர்த்துக. முடிவுக்கு நாள் குறிக்க. செயலை இன்னார் இன்னார்க்கென்று பகுத்தளிக்க. அதன் பின்னர்ப் பேசுக, ஒருமனத்தின் மேன்மையை!