யூரியா சல்லிசு, குலை நோய் இலவசம்!

நெல் வயல் கரும்பச்சையா நின்னா எல்லாருக்கும் சந்தோஷம். ரோட்டுல போறவர் வண்டிய நிறுத்திப் பார்த்துட்டுப் போவார். பக்கத்து வயல்காரருக்கு லேசா வயித்தெரிச்சல். அதே பச்சையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுற இன்னொரு ஆசாமியும் உண்டு: குலை நோய்ப் பூஞ்சாணம்.

இயற்கை விவசாயமா ரசாயனமான்னு வருஷக்கணக்கா சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். நடுவுல ஒரு சின்ன விஷயம் யார் கண்ணுலயும் படறதில்லை. குலை நோய்க்கு எந்த மருந்து அடிக்கலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி, யூரியா மூட்டை என்ன விலைன்னு கேக்கணும். என் கட்சி இதுதான்.

முதல்ல இந்தப் பூஞ்சாணம் வேலை செய்யற விதம். காத்துல பறந்து வர்ற வித்து, பனி ஈரம் இருக்கற இலையில ஒட்டி முளைக்குது. முளைச்சதும் ஒரு சின்ன அழுத்தப் பை மாதிரி கட்டுது. அதுக்குள்ள அழுத்தம் கார் டயரை விட சுமார் நாப்பது மடங்கு! அந்த அழுத்தத்துல இலையோட தோலைக் குத்திக்கிட்டு உள்ளே போயிடும். அப்புறம் இலை மேல கண் வடிவத்துல புள்ளிகள், நடுவுல சாம்பல் நிறம், ஓரத்துல பழுப்பு. கதிர் வர்ற நேரத்துல கழுத்துல தாக்கினா கதை முடிஞ்சுது. கழுத்து கறுத்து ஒடிஞ்சு, கதிர் பூரா பதர். உழுதது, நட்டது, களை எடுத்தது, தண்ணி கட்டினதுன்னு எல்லாச் செலவும் முடிஞ்ச பிறகு வர்ற அடி அது.

இதுல யூரியா எங்க வருது? தழைச்சத்து அளவுக்கு மீறினா இலை மெத்துனு ஆயிடும். பயிர் நெருக்கமா வளரும், உள்ளே ஈரம் காயாது. இலைத் தோலுக்குக் கவசம் மாதிரி இருக்கற சிலிக்காவும் குறையும். டெல்டாவுல சம்பா, தாளடிக்கு மார்கழிப் பனியும் குளிர்ந்த ராத்திரியும் சேர்ந்துக்கும். ஆந்திரா பொன்னி மாதிரி குலை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கற ரகமா இருந்தா கேக்கவே வேணாம். பனியை நிறுத்த நம்மால முடியாது. மூட்டையை நிறுத்தலாம்.

ஆனா நடக்கறது என்ன? புள்ளி விழுந்த இலையைப் பிடுங்கிக்கிட்டு மருந்துக் கடைக்குப் போனா, "ட்ரைசைக்ளசோல் அடிச்சு விடுங்க மாமா, சரியாயிடும்"பார் கடைக்காரர். "எத்தனை மூட்டை யூரியா போட்டீங்க?"ன்னு அவர் ஏன் கேக்கப் போறார்? ரெண்டையும் விக்கறது அவர்தானே :-) ட்ரைசைக்ளசோல் நல்லாவே கேக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா மிச்சம் தானியத்துல தங்கினா பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்துல அரிசிக்கான வரம்பை கிலோவுக்கு 1 மில்லிகிராம்லேர்ந்து 0.01க்குக் குறைச்சப்போ, பாஸ்மதி ஏற்றுமதி ஆட்களுக்குத் தூக்கம் போச்சு.

இப்போ கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதுல 46 சதவீதம் தழைச்சத்து. ஆக ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய். பொட்டாஷ் 50 கிலோ மூட்டை ஆயிரத்து ஐந்நூறுன்னே வெச்சுக்குவோம், அதுல 60 சதவீதம் சாம்பல்சத்து. ஒரு கிலோ 50 ரூபாய்! பயிரை மெத்துனு ஆக்கறது சல்லிசு, தெம்பாக்கறது யானை விலை. 2010ல மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் விலையைத் திறந்து விட்டுட்டு, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டுலயே வெச்சதோட பலன் இது. விவசாயி முட்டாள் இல்லை. விலை என்ன சொல்லுதோ அதைக் கேக்கறார்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாம இல்லை. 2015ல எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசினாங்க. அதே வருஷம் மண்வள அட்டை வந்தது. 2018ல 50 கிலோ மூட்டையை 45 ஆக்கினாங்க. ஏக்கருக்கு இத்தனை மூட்டைன்னு பழகின கை, அதே எண்ணிக்கையில போட்டா தானா குறையுமாம்! விலையைத் தொடறதுக்குப் பயந்துக்கிட்டு மூட்டையைத் தொட்டாங்க.

வயல்ல செய்யக்கூடியது பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ, அதாவது மூணு மூட்டை யூரியாவுக்குள்ள. டிஏபில வர்றதையும் இதுல கழிக்கணும். அதையும் பிரிச்சுப் பிரிச்சுப் போடணும். இலை வண்ண அட்டையை வாரம் ஒரு தடவை இலையோட ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகங்களுக்கு 4, அதுக்குக் கீழே நிறம் இறங்கினா மட்டும் மேலுரம். குலை நோய் கண்ணுல பட்டா யூரியாவை உடனே நிறுத்தணும். விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். அப்புறம் வைக்கோல். பயிர் எடுக்கற சாம்பல்சத்துலயும் சிலிக்காவுலயும் பெரும்பகுதி அங்கதான் இருக்கு. அதைக் கட்டுக் கட்டா லாரியில ஏத்தி வித்துட்டு, பொட்டாஷ் விலை ஜாஸ்தின்னு புலம்பறோம். நோய் விழுந்த வைக்கோலை மட்டும் அப்படியே மடக்கி உழாம, மக்க வெச்சுப் போடணும்.

"அதான் சொல்றோம், உரமே வேணாம்"னு சிலர் வருவீங்க. கொஞ்சம் பொறுங்க. 1942ல வங்காளத்து நெல்லைத் தாக்கினது செம்புள்ளி நோய். அடுத்த வருஷப் பஞ்சத்துக்குப் போரும் ஆட்சியும் விலையும் முக்கியக் காரணங்கள். ஆனா அந்த நோயோட குணம் கவனிக்க வேண்டியது. சத்தில்லாத, பட்டினி கிடக்கற மண்ணுலதான் அது ஆட்டம் போடும். மண்ணுக்கு அஜீரணம்னா குலை நோய், பட்டினின்னா செம்புள்ளி. தொழு உரம், பசுந்தாள் உரத்தால சத்து முழுசாக் கிடைச்சா ரொம்ப நல்லது. ஒண்ணுமே போடாம விடறதுக்கு இயற்கைன்னு பேர் வைக்காதீங்க.

யூரியா விலையை மெதுவா ஏத்தணும், மிச்சமாகற மானியத்தை ஏக்கர் கணக்குல விவசாயிக்கே பணமாக் கொடுக்கணும். எந்த உரம்னு அவர் முடிவு பண்ணட்டும். இதுல ஒரு பெரிய சிக்கல் குத்தகைதாரர். பட்டா பேர்ல இருக்கறவருக்குப் பணம் போச்சுன்னா, சேத்துல நிக்கறவருக்கு விலை உயர்வு மட்டும்தான் மிஞ்சும். அதைத் தீர்க்காம விலையை ஏத்தினா நானே எதிர்த்துப் பதிவு போடுவேன்.

டெல்டாப் பக்கத்து மக்களே, உங்க ஊர்ல ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடறாங்க, கழுத்துக் குலை நோய் எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் மூட்டைக் கணக்கோட திட்டுங்க!