பாட்டி படித்துக் காட்டிய நகரம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர், "நீர் சென்று வந்த அயல்நாட்டு நகரங்களுள் உமக்கு மிகவும் உகந்தது எது?" என்று வினவினார். "சிங்கப்பூர்" என்றேன். மாளிகைகளின் உயரத்தையும் வீதிகளின் தூய்மையையும் வருணிக்கப் போகிறேன் என்று அவர் எதிர்பார்த்தார். என் காரணம் வேறு. நேயர்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் தில்லியில் எங்களுடன் வசிக்கிறார். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் பலமுறை படித்து முடித்தவர். ஹிந்தி பேசினால் ஓரளவு புரிந்துகொள்வார். ஆனால் ஹிந்தி எழுத்தும் ஆங்கில எழுத்தும் அறியார். மெட்ரோ ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும், "இது எந்த இடம், கண்ணு?" என்று என் மகளைக் கேட்பார். மகளோ தமிழ் பேசுவாள். படிக்க ஓர் எழுத்தும் அறியாள். ஒருநாள் அவள் தன் தோழியிடம் ஹிந்தியில், "எங்கள் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது" என்று கூறியது, பக்கத்து அறையிலிருந்த தாயாரின் செவியில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார். குற்றம் குழந்தையுடையது அன்று, கற்பிக்கத் தவறிய என்னுடையது என்று உணர்ந்தும் நான் வாளாவிருந்தேன்.

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றோம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அங்கே ஆட்சி மொழிகள். 'லிட்டில் இந்தியா' வட்டாரத்தில் தங்கியிருந்த நாங்கள், 1827ஆம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயிலைத் தரிசிக்கச் சுரங்க ரயிலில் ஏறினோம். ஓட்டுநர் இல்லாமலே ஓடும் ரயில் அது. மகளுக்கு ஒரே குதூகலம்.

அடுத்த நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதியிருக்கும் முறை சற்று விசித்திரமானது. வாசிக்க முயன்று திகைத்தாள். பக்கத்திலேயே தமிழ் எழுத்துக்கள் இருந்தன. தாயார் எழுத்துக் கூட்டி, "டோபி காட்" என்று உரக்கப் படித்தார். "இதென்ன பெயர்? அர்த்தம் விளங்கவில்லையே!" என்றார்.

மகள் துள்ளினாள். "தோபி காட், பாட்டி! ஹிந்திச் சொல். துணி துவைக்கிற இடம்!"

"ஓ, நம் வண்ணாரப்பேட்டை மாதிரியா?"

உண்மையே. இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர் அங்கே ஓடிய நீரில் துணி வெளுத்ததனால் வந்த பெயர் அது. பாட்டி படித்தார், பேத்தி பொருள் கூறினாள். சிறிது நேரம் கழித்து மகள் மெல்ல, "பாட்டி, உங்களுக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும், கண்ணு" என்றார் தாயார். அவ்வளவுதான்.

அன்றிரவு விடுதியில், மகள் இரண்டு டாலர் நோட்டு ஒன்றை எடுத்து வந்து பாட்டியிடம் நீட்டினாள். அதிலும் நாட்டின் பெயர் தமிழில் அச்சிடப்பட்டுள்ளது. தாயார் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார்: சி, ங், க, ப், பூ, ர். ஆறு எழுத்துக்கள். என் மகள் தானாகப் படித்த முதல் தமிழ்ச் சொல் அதுவே. அந்த நோட்டைச் செலவழிக்க அவள் சம்மதிக்கவில்லை. இன்றும் அவள் பாடப் புத்தகத்தினுள் இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினால் போதும் என்று வடக்கே வாழும் நம்மில் பலர் மனநிறைவு கொள்கிறோம். நானும் அப்படியே இருந்தேன். எழுத்து இல்லாமற் போனால், பாட்டி வாழ்நாளெல்லாம் படித்தவற்றின் கதவு பேத்திக்கு அடைபட்டுவிடும் என்பதை அறிய நான் கடல் கடக்க வேண்டியிருந்தது.

தில்லி மெட்ரோவில் இன்றும் மகள்தான் நிலையங்களின் பெயரைப் படித்துச் சொல்கிறாள். ஏனென்று தோழியர் கேட்டால், "எங்கள் பாட்டிக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது" என்கிறாள். முன்பு சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தந்த நகரம் எனக்கு உகந்ததாக இருப்பதில் வியப்பென்ன?